முலாமும் கீறலும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையைப் பற்றியோ காப்பியத்தைப் பற்றியோ பேசுவதுதான் முறை. ஆனால் செயலாளர் "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய கார்க் கண்காட்சிகளுக்குப் போவதுதான். மகிழுந்து என்றும் சிற்றுந்து என்றும் நல்ல சொற்கள் நம்மிடம் உண்டு. ஆயினும் தந்தை வாங்கிய வண்டியை ஐம்பது ஆண்டாகக் காத்து வரும் ஒருவரிடம் சென்று "தங்கள் மகிழுந்து" என்று தொடங்கினால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். ஆகவே கார் என்றே சொல்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்த ஊருக்கும் காருக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. இந்தியாவின் முதல் நீராவிக் காரை 1903-இல் உருவாக்கியவர் மவுண்ட் ரோடு சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன். நகரத்துப் பதிவேட்டில் எம்.சி. 1 என்ற எண் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது. எம்.சி. 3 நம்பெருமாள் செட்டியாருடையது. உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய அதே செட்டியார்தான். 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. அதுவே 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இன்று இந்த வண்டிகளைக் காண வழிகள் பல. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் அணிவகுப்பும் கண்காட்சியும் நடத்துகின்றன. 2023-இல் வடபழனி ஏவி.எம். வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசடர், டி.எம்.எக்ஸ். 4777, நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் காரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறார்கள். அது சரியான பார்வை என்பது என் எண்ணம். எம்.சி., எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று அந்த எழுத்துகள் மாறி வந்த வரிசையிலேயே ஒரு காரின் வயதைப் படித்துவிடலாம். 1989-க்குப் பிறகுதான் டி.என். 01 முதலான இன்றைய முறை வந்தது. இக்காலத்தில் படத்தை அச்சிடுமுன் எண்பலகையை அழித்துவிடும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. நேற்று வாங்கிய காருக்கு அது தகும். அறுபது வயதுக் காரில் எண்ணை அழிப்பது, கல்வெட்டைப் படியெடுக்கும்போது அரசன் பெயரை விட்டுவிடுவது போன்றது.

இனி, படம் எடுக்கும் வேலைக்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பத்து மணிக்கு வருவார்கள். அப்போது சென்னை வெயில் தலைக்குமேல் ஏறிவிடும். கறுப்புக் காரின் கூரை வெள்ளையாகிவிடும், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுகள் மறைந்து ஒரே தட்டையாகத் தெரியும். ஆறரைக்கு வந்தால் கிழக்கே கடலிலிருந்து வெளிச்சம் படுக்கையாக வரும். மைலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் அந்த நேரத்து ஈரக்காற்று வெளிச்சத்தைச் சற்று மென்மையாக்கித் தருகிறது. குளிர்சாதன வண்டியில் காமிராவைக் கொண்டு வந்து அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுவதும் பனி படர்ந்துவிடும். கால்மணி நேரம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். அந்தக் கால்மணி நேரத்தில் காரின் உரிமையாளருடன் பேசுங்கள். என் நல்ல படங்கள் பல அந்தப் பேச்சிலிருந்து கிடைத்தவை.

குரோமியம்தான் பெரிய சோதனை. பம்பர், விளக்கு வளையம், முன்கிராதி எல்லாம் கண்ணாடியாக மாறி, விளம்பரப் பதாகையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் உங்களையும் சேர்த்துக் காட்டும். போலரைசர் என்ற வடிகட்டியைப் பூட்டினால் போதும் என்பார்கள். அது பெயிண்டின் மேலும் கண்ணாடியின் மேலும் விழும் பிரதிபலிப்பைக் குறைக்கும். வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது பௌதிகம், பேரம் பேச இடமில்லை. ஆகவே நாம் நகர வேண்டும். பம்பருக்குள் என்ன தெரிய வேண்டும் என்பதைத் தேர்ந்துகொண்டு நிற்க வேண்டும். ஒரு முறை பியூக் ஒன்றின் சக்கர மூடியில் ஒரு வேப்பமரம் முழுமையாக வந்து அமர்ந்தது. கார் அமெரிக்காவில் பிறந்தது, மரம் இந்த ஊரில் முளைத்தது. அந்தப் படத்தில் காரே இல்லை, மூடி மட்டும்தான்.

விளக்கின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். நின்ற உயரத்தில் எடுத்தால் எல்லாக் காரும் விற்பனை விளம்பரம் போலவே இருக்கும். கிட்ட நின்று அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு பெருத்து உடல் சிறுத்துவிடும். பத்தடி பின்னால் போங்கள். பின்னால் போக இடமில்லை என்பதுதான் நம் ஊர்க் கண்காட்சிகளின் நிரந்தரக் குறை. கைப்பேசியோடு ஒருவர் நிச்சயம் குறுக்கே வருவார். அவரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், ஐம்பது ஆண்டு கழித்து அவரும் பழைய பொருளாகிவிடுவார்.

ஓடும் காரை எடுப்பது வேறு கலை. பிரெஞ்சுக்காரரான லார்டீக் இளைஞராக இருந்தபோது எடுத்த பந்தயப் படம் ஒன்று உண்டு. 1912 கிராண்ட் பிரீ படம் என்று அறியப்பட்டது. அவருடைய காமிராவின் ஷட்டர் ஒரு மெல்லிய பிளவாக நகர்ந்ததால், படத்தின் ஒரு பகுதி பதிவாகி மறுபகுதி பதிவாவதற்குள் கார் ஓடிவிட்டது. சக்கரம் முட்டை வடிவாகி முன்னே சாய்ந்தது. அவர் காமிராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியதால் பார்வையாளர்கள் பின்னே சாய்ந்தார்கள். 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களை வைத்தபின் உலகம் அவரைக் கொண்டாடியது. ஓடும் வண்டியைக் கைப்பேசியில் எடுத்துப் பாருங்கள், அதே சாய்வு இன்றும் வரும். அணிவகுப்பு புறப்படும் நேரத்தில் நொடிக்கு முப்பதில் ஒரு பங்கு வைத்து, காரோடு உடம்பைத் திருப்பி எடுத்தால், கடற்கரைச் சாலை கோடுகளாகக் கரைந்து கார் மட்டும் நிற்கும். பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள்.

இப்போது ஸ்டாண்டர்ட். கண்காட்சியில் ரோல்ஸ் ராய்ஸைச் சுற்றிக் கூட்டம், பென்ஸைச் சுற்றிக் கூட்டம். ஓரத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கும். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்று பெயர். உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 1961 முதல் அது நம் வண்டலூர்ப் பக்கத்தில் உருவானது. முன்பக்கம் முழுவதையும், சக்கர வளைவுகளோடு சேர்த்து, முதலை வாய் போலத் திறக்கலாம். பிறந்த நாட்டில் அதற்கு இரண்டே கதவு. 1968-இல் இங்கே நான்கு கதவு வைத்தார்கள். அந்த வடிவம் இந்தியாவுக்கு மட்டும் உரியது. முன் இருக்கையை மடக்கிவிட்டு மடிசார் கட்டிய பாட்டி பின்னால் ஏறும் காட்சியை எண்ணிப் பார்த்தால், நான்கு கதவின் அருமை தானே விளங்கும். பின்னர் 1972-இல் கெசல், 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000. அந்தக் கடைசிக் கார் மூன்றே ஆண்டில் நின்றுவிட்டது. தொழிற்சாலையும் இன்று இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் உலகெங்கும் கிடைக்கும், நாலு கதவு ஹெரால்ட் நம்மிடம்தான் உண்டு. நான் ஓரத்துக்கே போகிறேன்.

அடையாற்றில் ஓர் அன்பரிடம் அப்படி ஒரு ஹெரால்ட் இருந்தது. தந்தையாருடைய கார். கையுறைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் அந்தப் பெரியவர் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கிலோமீட்டரைப் பென்சிலால் குறித்திருந்தார். வரிசை வரிசையாக எண்கள். ஓரிடத்தில் எண்களுக்கு நடுவே "திருப்பதி" என்று ஒரு சொல். முன்கண்ணாடியின் கீழே ஆயுத பூசைச் சந்தனம் பல ஆண்டுகளாகப் படிந்து காய்ந்த தடம். அன்பர் காரைப் புதுப்பிக்கத் தீர்மானித்தார். நான் தயங்கியதைக் கண்டு, "சார், நம்ம ஊர் உப்புக்காற்றில் பெயிண்ட் இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அடித்தகடு போய்விடும். எழுத்தைக் காப்பாற்றுவதா, வண்டியைக் காப்பாற்றுவதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் முழு விடை இல்லை. பட்டறைக்கு விடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுவதும் இருந்து, அந்தப் பென்சில் வரிகள் ஒவ்வொன்றையும் எடுத்தேன். கார் பளபளவென்று வந்தது, பரிசும் வாங்கியது. உள்கதவு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

இந்த வழக்கு உலகம் முழுவதும் நடப்பதுதான். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2013-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இருப்பதை இருக்கும்படி பேணுவதே முதன்மை, புதுப்பித்தல் அதற்கு அடுத்ததே என்கிறது. நம் நடுவர்களுக்கோ பளபளப்பின் மேல் இன்னும் காதல். ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தவர்களைக் கொண்டாடும் நமக்கு இந்த வேறுபாடு புதிதன்று. மூலத்தைத் திருத்தி அழகாக்கும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை.

மாற்றியமைத்த கார்களின் கதை இன்னும் சிக்கலானது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இந்த ஊர்ப் பட்டறைகளில் ஹெரால்டையும் பியட்டையும் பிரித்து, கனத்தைக் குறைத்து, புதிய உருவம் கொடுத்தார்கள். புதுப்பேட்டையில் உதிரிப் பாகம், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மெத்தையும் டயரும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் வந்தபின் சோழவரம் ஓய்ந்தது. இன்று சட்டம் இறுகிவிட்டது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றிச் சாலையில் ஓட்டக் கூடாது என்று 2019 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வாகனத்தைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண் கிடைக்கும், பழைய எண் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பாதுகாப்பு கருதிய விதிகள், குறை சொல்வதற்கில்லை. எனினும் பெயர் தெரியாத மெக்கானிக் ஒருவர் சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கிய பந்தய உடல் எந்தப் பட்டியலிலும் சேராமல் நிற்கிறது. அத்தகைய காரைக் கண்டால் நான் முன்னழகை எடுப்பதில்லை. கீழே படுத்து, பற்றவைத்த தையல்களை எடுக்கிறேன். அந்தக் கைக்கு வேறு கையொப்பம் கிடையாது.

இன்னொன்று, அவசரமானது. மைலாப்பூரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்களாகின்றன. வீட்டோடு காரின் கொட்டகையும் போகிறது. அடுக்ககத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காரிடம். அதில் தினம் ஓடும் வண்டி நிற்க வேண்டும். பாட்டனார் கார் வேறு ஊர்ச் சேகரிப்பாளருக்குப் போய்விடுகிறது. அவர் நன்றாகவே வைத்துக்கொள்வார். ஆனால் எந்தத் தெருவில் நின்றது, யார் ஓட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே கண்காட்சித் திடலில் எடுப்பதைவிட, முடிந்தால் வீட்டிலேயே, கொட்டகையிலேயே எடுக்க அனுமதி கேட்கிறேன். சுவரில் தொங்கும் பழைய நாட்காட்டி, எண்ணெய்க் கறை, ஓரத்தில் சாய்த்த மிதிவண்டி, எல்லாம் படத்தில் இருக்கட்டும்.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறேன். படத்துக்குக் காது கிடையாது. அந்தப் பென்சில் எண்கள் என்னிடம் இருக்கின்றன. "திருப்பதி" என்று ஏன் எழுதினார், யாரை அழைத்துப் போனார் என்பது இல்லை. அடுத்த கண்காட்சிக்கு நம் வட்டத்தினர் நான்கைந்து பேர் குறிப்பேட்டோடு வாருங்கள். நான் ஒரு காரை எடுத்து முடிப்பதற்குள் உரிமையாளர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உவமை வேண்டாம், ஆண்டும் தெருப்பெயரும் வேண்டும். படமும் குறிப்பும் சேர்ந்து ஒரு சிறு தொகுப்பாகட்டும். காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் எனக்கு வெளிச்சம் கெட்டுவிடும், உரிமையாளர்களும் சிற்றுண்டிக்குப் போய்விடுவார்கள்.