வீழ்ந்த சிலையும் வீழாத ஏணியும்

(திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செர்கேய் ஐசன்ஸ்டீனின் ‘அக்டோபர்’ படத்தை இப்போதுதான் பார்த்து முடித்தோம். 1917 ரஷ்யப் புரட்சியின் பத்தாம் ஆண்டையொட்டி எடுக்கப்பட்டு, 1928இல் வெளிவந்த மௌனப் படம். முனைவர் பட்ட ஆய்வுக்காக இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குளிர்கால அரண்மனைக்குள் மக்கள் பாயும் காட்சியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் வேறு இரண்டு காட்சிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தொடக்கத்தில் ஜார் மூன்றாம் அலெக்சாந்தரின் சிலைக்குக் கயிறு கட்டுகிறார்கள். தலை, கை, கால் எனத் துண்டு துண்டாக விழுகிறது. பிறகு தளபதி கொர்னிலோவ் படையோடு தலைநகரை நோக்கி வரும்போது, அந்தத் துண்டுகள் தாமாகவே எழுந்து பழையபடி பீடத்தில் பொருந்திக்கொள்கின்றன. படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டும் எளிய உத்திதான். ஆனால் பீடம் மிச்சமிருக்கும்வரை சிலை திரும்பி வரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. படம் முழுமை பெறுவதற்குள் திரொத்ஸ்கி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வரும் காட்சிகள் பெரும்பாலும் வெட்டப்பட்டன. பீடத்தில் வேறொருவர் ஏறத் தொடங்கியிருந்தார்.

இரண்டாவது காட்சி. கொர்னிலோவ் கடவுளின் பெயரால் வருகிறார். உடனே ஐசன்ஸ்டீன் கடவுளர் உருவங்களை வரிசையாகக் காட்டுகிறார். பகட்டான கிறிஸ்துவில் தொடங்கி, ஆசியக் கடவுளர் வழியாக இறங்கி, பழங்குடி மக்களின் மரச்சிற்பத்தில் முடிக்கிறார். கடவுள் என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்குவது அவர் நோக்கம். அதில் எனக்கு முழு உடன்பாடு. வரிசைதான் உறுத்துகிறது. கிறிஸ்துவைக் கீழிறக்க அவருக்குப் பழங்குடியின் கடவுள் தேவைப்படுகிறது. “உன் சாமியும் கடைசியில் இதுதான்” என்று சொல்லும்போது, “இது” மட்டமானது என்பது கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டுவிடுகிறது. சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதைப் படித்தவர்களுக்கு இந்த ஏணி கண்ணில் படாமல் போகாது.

இந்தப் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. சிலை திரும்பும் என்று எச்சரித்தவரே ஏணியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்கிறேன். முற்போக்குப் படம் என்று நாம் கொண்டாடும் எதைப் பார்த்தாலும், அது யாரைக் காட்டி நம்மைச் சிரிக்கச் சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.