வடதிசை ஒளியும் கவிஞனின் கண்ணும்



நார்வே நாட்டின் டிரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை கதிரவன் தொடுவானுக்கு மேல் எழுவதில்லை. அந்நாள்களில் வடதிசை ஒளியைக் காண விழையும் பயணியரை ஏற்றிக்கொண்டு, மாலைதோறும் வண்டிகள் நகர விளக்குகளை விட்டு விலகிச் செல்கின்றன. முகிலற்ற வானைத் தேடி வழிகாட்டி பின்லாந்து எல்லைவரையும் செல்வதுண்டு. பின்னர் உறைபனியில் நின்று காத்திருத்தல் வேண்டும். ஒளி வருமென்று உறுதி கூற எவராலும் இயலாது.

கதிரவனிடமிருந்து வரும் மின்துகள்களைப் புவியின் காந்தப்புலம் துருவப் பகுதிகளுக்கு ஈர்க்கிறது என்று நார்வே அறிஞர் கிறிஸ்டியன் பிர்க்லாந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்திலேயே விளக்கிக் காட்டினார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் ஆக்சிசன் அணுக்கள் தாக்குண்டு பச்சை ஒளி உமிழ்கின்றன.

ஆயின், மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறம் அறியாது; வெண்சாம்பல் புகையையே காணும். ஒளிப்படக் கருவியோ பல நொடி ஒளியைச் சேர்த்துப் பச்சையாகக் காட்டும். ஊர் திரும்பியபின், படத்தின் பச்சையே கண்ட பச்சையாகிவிடுவதுண்டு. கவிஞன் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இதுவே. சாம்பலைக் கண்ட இரவில் சாம்பல் என்றெழுதியவன், வானமெங்கும் பச்சை பொங்கும் இரவில் பச்சை என்று எழுதினால்தான் அச்சொல்லுக்கு உயிர் இருக்கும்.