பானையும் குழாயும்



நான் சிறுவனாக இருந்த நாளில், கோடை பிறந்ததும் என் பாட்டி புதுப்பானை வாங்கச் சந்தைக்குப் புறப்படுவார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உடன் செல்வேன். குயவர் பானைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பாட்டி ஒரு பானையைத் தூக்கி, இடக்கையால் அதன் வாயைப் பற்றிக்கொண்டு, வலக்கை விரலை மடக்கி அதன் வயிற்றில் தட்டுவார். மணியடித்தாற்போல் ஓசை எழுந்தால் அவர் முகம் மலரும். ஓசை மந்தமாக இருந்தாலோ, "இதன் குரல் சரியில்லை" என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவார். அந்தப் பானையில் விரிசல் எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் குயவர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லமாட்டார். அதை எடுத்துத் தமக்குப் பின்னால் ஒதுக்கி வைத்துவிடுவார்.

பாட்டி பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆனால் அவர் செய்தது ஒரு நல்ல விஞ்ஞானச் சோதனை. குறையற்ற பானையைத் தட்டினால் அதன் சுவர் முழுவதும் ஒன்றாக அதிரும். விரிசல் இருந்தால், அவ்விடத்தில் இரண்டு விளிம்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை விழுங்கிவிடும், ஓசை மங்கும். இன்றைய ஆராய்ச்சிக்கூடங்களிலும் பீங்கான் துண்டை மெல்லத் தட்டி, அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று கருவியால் அளந்து, அதன் மீள்திறனைக் கணக்கிடுகிறார்கள். பொருளை உடைக்காமலே அதன் உள்ளத்தை அறியும் வழி இது.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் பொத்தேரியில் வசித்து வருகிறேன். தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே மின்சார ரயில் நின்று செல்லும் ஊர் இது. 1985ஆம் ஆண்டில் இங்கே ஒரு பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது; அது வளர்ந்து இன்று பெரிய பல்கலைக்கழகமாக விளங்குகிறது. மாலை வேளையில் ரயில் நிலையத்தில் எங்கு நோக்கினும் மாணவர் கூட்டந்தான். ஒருநாள் மாலை, நடைமேடை இருக்கையில் என்னருகே அமர்ந்திருந்த ஓர் இளைஞர் மடியில் ஒரு சிறிய அட்டைப்பெட்டியை வைத்திருந்தார். அதில் வெள்ளைவெளேரென்று சுண்ணக்கட்டி போன்ற முறிந்த துண்டுகள் கிடந்தன. ஆசிரியராக இருந்தவனுக்குக் கேளாமல் இருக்க முடியுமா? கேட்டேன்.

"ஐயா, இவை அலுமினாப் பீங்கான். நானே மாவை அழுத்திச் சுட்டு முப்பது துண்டுகள் செய்தேன். எல்லாவற்றையும் வளைத்து உடைத்துப் பார்த்தேன். இருபத்தொன்பது ஏறக்குறைய ஒரே பளுவைத் தாங்கின. ஒன்று மட்டும் அதில் பாதிப் பளுவுக்கே முறிந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்றுதான் யோசிக்கிறேன். விட்டுவிட்டால் என் முடிவு அழகாக வரும்" என்றார் அவர்.

மாணவர்களே, அந்த இளைஞரின் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அதற்கு விடை காண வேண்டுமானால், பீங்கான் ஏன் முறிகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பீங்கான் இனப் பொருள்கள் நமக்குப் புதியவை அல்ல. 1880களில் அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்பொருள் ஆய்வாளர் நம் பல்லாவரத்தில் சுடுமண்ணால் ஆன ஈமப்பேழை ஒன்றைக் கண்டெடுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது அது. அதே காலத்து இரும்பு துருவேறி உதிர்ந்துபோக, சுட்ட மண் மட்டும் அப்படியே நிற்கிறது. காரணம், பீங்கானில் அணுக்கள் ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பற்றியிருக்கின்றன. தீயும் நீரும் அமிலமும் அந்தப் பிடியை எளிதில் தளர்த்த முடிவதில்லை.

ஆனால் அந்த இறுக்கமே அதன் குறையும் ஆகும். இரும்புக் கம்பியை வளைத்தால் அதன் அணு அடுக்குகள் சற்றே நழுவி இடங்கொடுக்கும். கம்பி வளையுமே தவிர முறியாது. பீங்கானுக்கு அவ்வாறு இடங்கொடுக்கத் தெரியாது. உள்ளே நுண்ணிய பிளவு ஒன்று இருந்தால், இழுக்கும் விசை முழுவதும் அப்பிளவின் கூரிய முனையில் வந்து குவிகிறது. ஓர் எல்லையைக் கடந்ததும் பிளவு கணத்தில் ஓடிப் பொருள் இரண்டாகிவிடும். 1921ஆம் ஆண்டில் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடி இழைகளைக் கொண்டு இவ்வுண்மையை விளக்கினார். பின்னர் 1939இல் சுவீடன் நாட்டு வெய்புல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே என்பதுதான் அக்கணக்கின் சாரம்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பீங்கானின் வலிமை ஓர் எண் அன்று. பல எண்களின் கூட்டம். ஒரே மாவில், ஒரே சூளையில், ஒரே நாளில் செய்த துண்டுகளும் வெவ்வேறு பளுவில் முறியும். ஆகையால்தான் ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்து நிறைவடையாமல், முப்பது துண்டுகளையாவது உடைக்கிறார்கள். அந்த முப்பதில் மிகவும் நலிந்தது எதுவோ, அதுவே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது.

இப்பொருளைச் செய்வதும் எளிதன்று. அலுமினா உருகுவதற்கு இரண்டாயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். எனவே அதை உருக்கி வார்ப்பதில்லை. மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி, 1,600 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுடுகிறார்கள். அப்போது மாவின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. இடையிலுள்ள வெற்றிடங்கள் மூடிக்கொள்கின்றன. துண்டின் நீளம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுவதும் உண்டு. மாவில் ஒரு தலைமயிர் விழுந்திருந்தால் போதும். அது சூளையில் எரிந்து மறையும். ஆனால் அது இருந்த இடம் பொந்தாக நின்றுவிடும்.

சூளையின் பழக்கம் மாறினாலும் பொருளின் குணம் மாறும். இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குப் பொருத்துவதற்காகச் சிர்கோனியா என்னும் பீங்கானால் பந்து முனைகள் செய்துவந்தார்கள். ஐரோப்பிய நிறுவனம் ஒன்று அவற்றைச் சுடும் சூளையின் வகையை மாற்றியது. புதிய சூளையில் சுட்ட சில தொகுதிகளின் பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடையலாயின. 2001ஆம் ஆண்டில் அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. உடைந்தவர்கள் மறுபடியும் அறுவைக்கு உள்ளாயினர். சோதனை அட்டவணையில் ஓர் எண்ணாகத் தோன்றுவது, யாரோ ஒருவருடைய நடையாக இருக்கக்கூடும்.

இனி மற்றோர் இனத்தைப் பார்ப்போம். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் முதலியவற்றைப் பலபடிகள் என்கிறோம். பூக்காரி நாரில் பூவைத் தொடுப்பதுபோல, ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பெற்று நீண்ட சரமாவதே பலபடி. இவ்வுண்மையை 1920இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தபோது பலர் நம்பவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பலபடி வேதியியல் ஆராய்ச்சியை வளர்த்த பேராசிரியர் சாந்தப்பா 1967இல் பட்நாகர் பரிசு பெற்றார். பின்னர் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1968இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு கிண்டியில் பிளாஸ்டிக் பொறியியலுக்கென ஒரு மத்திய நிறுவனம் எழுந்தது. சிப்பெட் என்று இன்று பலரும் அறிந்தது அதுவே.

அத்தகைய கூடத்தில் பிளாஸ்டிக்கை எவ்வாறு சோதிக்கிறார்கள்? இருபுறமும் அகன்று நடுவில் ஒடுங்கிய, உடுக்கை போன்ற துண்டு ஒன்றை அறுத்து, இரு முனைகளையும் பொறியில் கவ்வி இழுக்கிறார்கள். மெதுவாக இழுத்தால் அது நீண்டுகொண்டே போகும். அதே துண்டை வெடுக்கென்று இழுத்தால் முறியும். வெயிலில் ஒரு குணம். குளிரில் ஒரு குணம். இன்று தாங்கிய பளுவை அப்படியே தொங்கவிட்டால், மாதங்கள் கழிந்தபின் மெல்ல நெகிழ்ந்து அறுந்துவிடுவதும் உண்டு. 'எவ்வளவு தாங்கும்?' என்று மட்டும் பலபடியைக் கேட்டல் தகாது. 'எத்தனை நாள்? எந்த வெப்பத்தில்?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். குடிநீர்க் குழாய்களுக்குரிய பிளாஸ்டிக்கை அழுத்தம் ஏற்றிய நிலையில் பதினாயிரம் மணி நேரம் வரை, அதாவது ஓராண்டுக்கும் மேலாக, வைத்துப் பார்த்து, அதிலிருந்து ஐம்பது ஆண்டு வாழ்வைக் கணிக்கிறார்கள்.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது பள்ளிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாய் போட வேண்டியிருந்தது. கடைக்காரர் இரண்டு வகைக் குழாய்களைக் காட்டினார். ஒன்றில் இந்தியத் தர அளவை எண் 4985 அச்சிடப்பட்டிருந்தது. மற்றொன்றில் எதுவும் இல்லை, விலை குறைவு. இரண்டும் ஒரே வெண்மை, ஒரே பளபளப்பு. பள்ளிப் பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்ற பெருமையோடு குறைந்த விலைக்குழாயை வாங்கினேன். வெயில் படாமல் மறைக்கவும் இல்லை. இரண்டு கோடைகள் சென்றன. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் பலபடிச் சரங்களைச் சிறுகச் சிறுக அறுத்துக்கொண்டிருந்தது. குழாய் மஞ்சள் பூத்தது. அரசுத் தேர்வு நடந்த வாரத்தில் ஒருநாள் காலை அது நெடுக வெடித்தது. மாணவியர் கழிவறைக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. தேர்வெழுத வந்த பெண்கள் பட்ட துன்பத்தை என்னிடம் ஒருவரும் முறையிடவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. பானையைத் தட்டி வாங்கிய பாட்டியின் பேரன், குழாயைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கினேன்.

பொறுமையாகச் சோதித்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. கல்பாக்கத்தில் 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதிவேக ஈனுலை ஒன்று இயங்கத் தொடங்கியது. யுரேனியம், புளுட்டோனியம் ஆகியவற்றின் கார்பைடு என்னும் பீங்கான் இன வில்லைகளை அதில் எரிபொருளாக இட்டார்கள். ஓர் உலையின் முதன்மை எரிபொருளாக இதனை உலகில் வேறெங்கும் அதற்கு முன் பயன்படுத்தியதில்லை. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு டன் எரிபொருளிலிருந்து 25,000 மெகாவாட் நாள் வெப்பத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று முதலில் எல்லை வகுத்துக்கொண்டார்கள். அந்த எல்லையை எட்டியதும் எரிபொருட் கோல்களை வெளியே எடுத்து, கனத்த சுவர் சூழ்ந்த அறைக்குள் வைத்து, இயந்திரக் கைகளால் அறுத்து, வில்லை எவ்வளவு பருத்தது, எங்கே வெடித்தது என்று பார்த்தார்கள். பார்த்தபின் எல்லையை 50,000 ஆக்கினார்கள். மறுபடியும் பார்த்து 1,00,000 ஆக்கினார்கள். இறுதியில் 1,50,000ஐயும் கடந்தார்கள். துணிவு அவர்களிடம் இல்லாமலில்லை. ஆயினும் ஒவ்வோர் அடியையும் சோதனை அனுமதித்த பின்னரே எடுத்து வைத்தார்கள்.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். நான் அவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கவில்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாட்டியின் பானைக் கதையைச் சொன்னேன். என் குழாயின் கதையையும் சொன்னேன். பிறகு, "தம்பி, முறிந்த துண்டை எறிந்துவிட்டால் உன் கட்டுரை அழகாகும். ஆனால் அதைப் படித்து நம்பி ஒருவன் பொருள் செய்தால், அந்த முப்பதாவது துண்டு அவன் வீட்டில் முறியும்" என்றேன். ரயில் வந்தது; அவர் ஏறிச் சென்றார்.

சில வாரங்கள் கழித்து அதே நிலையத்தில் என்னைத் தேடி வந்தார். "ஐயா, அந்தத் துண்டின் முறிவு முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சிறு பொந்து. மாவைச் சலித்த சல்லடையில் தூசி இருந்திருக்கிறது. இப்போது சல்லடையைக் கழுவிவிட்டு மறுபடி முப்பது துண்டுகள் செய்கிறேன். பழைய முப்பதையும் கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன்" என்றார். அவர் முகத்தில் அப்போது கண்ட மகிழ்ச்சி, நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவன் முகத்திலும் நான் கண்டதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் இத்தகைய சோதனை நாள்தோறும் உங்களுக்கு வருகிறது. ஊசலின் அலைவு நேரத்தைப் பத்து முறை அளக்கிறீர்கள். ஒன்பது ஒத்து வருகின்றன; ஒன்று விலகி நிற்கிறது. அதை அழித்துவிட்டு, பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடக் கை துடிக்கும். அழிக்காதீர்கள். அது ஏன் விலகியது என்று கேளுங்கள். உங்கள் கை தவறியிருக்கலாம், நூல் தளர்ந்திருக்கலாம், நீங்கள் அறியாத ஒன்றைப் பொருளே உங்களுக்குச் சொல்ல முயன்றிருக்கலாம்.

பானையின் குரலைக் கேட்கக் காது மட்டும் இருந்தால் போதாது. குரல் சரியில்லை என்றால் அதை அப்படியே சொல்லும் வாயும் வேண்டும். என் பாட்டிக்கு அந்த இரண்டும் இருந்தன. உங்களுக்கும் அவை வாய்ப்பதாகுக.