வழியில் லாடம் கழன்றால்



வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு மாட்டு ஜோடியே மூலதனம் என்பது சங்கத்தில் மாடு வாங்கக் கடன் பெற்ற ஒவ்வொருவரும் அறிந்த விஷயம். அந்த மூலதனம் 16 இரும்புத் தகடுகளின்மேல் நிற்கிறதென்பதைப் பலர் நினைப்பதில்லை. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் காலுக்கு 2 லாடம், மாட்டுக்கு 8, ஜோடிக்கு 16. இவற்றுள் ஒன்று வழியில் கழன்றாலும் வண்டி நின்றதாகவே கொள்ளவேண்டும்.

ஆனால் சாதாரணமாக நடப்பது என்ன? குடியானவர் ஒருவர் நிலக்கடலை மூட்டைகளோடு சந்தைக்குப் போகிறார். பாதி வழியில் லாடம் விழுகிறது. "இன்னும் நாலு மைல்தானே" என்று ஓட்டிவிடுகிறார். அன்று சரக்கு விலைபோகிறது. மறுநாள் மாடு காலை ஊன்ற மறுக்கிறது. ஒரு மாடு நொண்டினால் மற்றொரு மாடும் தொழுவத்தில் நிற்கவேண்டியதே. மழை பெய்த வாரத்தில் உழவு இல்லை. வாடகை ஓட்டமும் இல்லை. கடன் தவணை மட்டும் குறித்த தேதியில் வந்து நிற்கிறது.

குளம்பின் வெளி ஓடு மனிதரின் நகத்தைப் போன்றது. அதற்கு வலி தெரியாது. ஆனால் ஓட்டுக்கு உள்ளே இருப்பது உயிருள்ள சதை. சரளைக்கல்லிலும் தார் ரோட்டிலும் பாரத்தோடு நடந்தால் லாடமற்ற குளம்பு விரைவில் தேயும், அடிப்பாகம் கன்றிப்போகும், கல் குத்தினால் சீழ் பிடிக்கும்.

குதிரையில் நெடுந்தூரம் செல்வோர் இதற்கு ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தில் 1955-ஆம் வருஷத்தில் தொடங்கிய குதிரைப் பந்தயம் ஒன்றில் மலைப்பாதையில் ஒரே நாளில் 100 மைல் கடக்கவேண்டும். இத்தகைய பயணங்களில் லாடம் கழன்றால் மாட்டுவதற்கென்று ரப்பர் குளம்புறை ஒன்றைப் பலர் சேணத்திலேயே கட்டிக்கொண்டு போகிறார்கள். அச்சுக்கு மசி கொண்டுபோக மறவாத நம் வண்டிக்காரர் குளம்புக்கு ஏன் ஒன்றும் கொண்டுபோவதில்லை?

குதிரையின் உறை பிளந்த குளம்புக்குப் பொருந்தாது. ஆயினும் மாட்டுக்கு ஏற்றதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு முழ அகலமுள்ள பழைய தோலை வட்டமாக வெட்டி, நடுவில் இன்னொரு தோல் துண்டை வைத்துத் தைக்கவேண்டும். ஓரத்தைச் சுற்றித் துளையிட்டு வார் கோத்தால் சுருக்குப்பைபோல் ஆகும். அதனுடன் ஒரு குறடு, கோணித் துண்டு, சுத்தமான துணி, அகன்ற துணி நாடா ஆகியவற்றைச் சேர்த்து வண்டியில் வைத்திருக்கவேண்டும்.

லாடம் கழன்றவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி மாட்டை அவிழ்க்கவேண்டும். லாடம் ஓர் ஆணியில் தொங்கினால் இழுத்துப் பிடுங்கலாகாது; ஓடு பிய்ந்துவிடும். மடங்கிய ஆணி முனைகளை நிமிர்த்தி, ஒவ்வோர் ஆணியாக நேரே வாங்கவேண்டும். பிறகு பிளவில் சிக்கிய கல்லையும் மண்ணையும் நீக்கி, கழுவித் துடைக்கவேண்டும். லாடமிழந்த பாதியின் கீழ்க் கோணியை மடித்து வைத்தால் இரு பாதிகளும் சமமாகும். அதன்மேல் பையை மாட்டி, கணுவில் துணி சுற்றி, நாடாவால் கட்டவேண்டும். கட்டுக்குள் ஒரு விரல் நுழையவேண்டும். கயிற்றால் இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

பாரத்தை இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவது உத்தமம். மாட்டை மெதுவாக நடத்தி, அடிக்கடி நிறுத்திக் கட்டைப் பார்க்கவேண்டும். வீடு சேர்ந்ததும் பையைக் கழற்றிக் காலை உலர்த்தவேண்டும். ஈரத்தோடு விட்டால் குளம்பு அழுகும். இது வீடு சேர்க்கும் உதவியேயன்றி லாடத்துக்குப் பதிலாகாது. ஆணி சதையில் ஏறியிருந்தாலும், இரத்தம் கசிந்தாலும் அம்மாட்டை வண்டியில் பூட்டலாகாது. கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

குளம்பு வளர வளர ஆணி தளரும். ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு லாடத்தையும் தட்டிப் பார்ப்பது நல்லது, தளர்ந்தது சலசலக்கும்.

லாரியும் டிராக்டரும் பெருகிய இந்நாளில் லாடம் கட்டுவோர் எல்லா ஊரிலும் இல்லை. ஆகையால் வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் கூடி, சங்கக் கட்டடத்தில் இரண்டு மூன்று பைகளைத் தயாராக வைக்கலாம். அதற்குப் பழந்தோலும் ஒரு நாள் மாலை வேலையும் போதும். வாயில்லாப் பிராணி தன் நோவைச் சொல்லாது. அது நொண்டிக் காட்டும்வரை காத்திராமல் முன்னே பார்த்துக்கொள்பவரே தம் மாட்டையும் காப்பார், தம் நாணயத்தையும் காப்பார்.