உப்பும் நகர வாழ்வும்

(நம் சங்கத்தின் நகரக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. அதனை மறுக்க யாம் எழவில்லை. ஊடலுக்கு உப்பை உவமை கூறிய வள்ளுவனாரும், அஃது அளவோடு அமைதல் வேண்டும், சிறிதும் மிகலாகாது என்றே குறித்தனர். அவ்வளவினை நகரத்து வாழும் நாம் இழந்துவிட்டோம் என்பதே எம் முறையீடு.

வளர்ந்தோர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமினும் குறைந்த உப்பே போதும், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டதே என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. உலக மாந்தர் உண்பதோ சராசரி ஏறக்குறைய 11 கிராம். மிகுந்த உப்பு உடலில் நீரைத் தேக்கும். குருதியின் அளவு பெருகும். நாளங்களின் சுவர்மீது அழுத்தம் ஏறும். அதனால் இதயமும் சிறுநீரகமும் நலியும். மூளையின் நாளம் அடைபடினும் வெடிப்பினும் பக்கவாதம் நேரும். இரத்தக் கொதிப்போ பெரும்பாலும் அறிகுறி காட்டாது வளர்வது. எம் தமையனார் அலுவலகத்தில் நாற்காலியில் இருந்தவாறே சாய்ந்தார். அவர்க்கு அந்நோய் உண்டென்பதை வீட்டார் அன்றுதான் அறிந்தனர். இன்று அவர்தம் வலக்கை பேனாப் பிடிக்கமாட்டாது.

சிற்றூரில் உப்பிட்டவள் அன்னை. இட்ட அளவும் அவள் அறிவாள். நகரிலோ நாம் காணாத கைகள் உப்பிடுகின்றன. சிற்றுண்டிச்சாலைச் சாம்பாரிலும், பொட்டலத்து மிக்சரிலும், நூடுல்ஸிலும், இனிக்கும் பிஸ்கோத்திலுங்கூட உப்புண்டு. பொட்டலத்தின் மீது சோடியத்தின் அளவை மில்லிகிராமிற் பொறித்திருப்பர். அவ்வெண்ணை இரண்டரையாற் பெருக்கின் உப்பின் அளவு தோன்றும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இக்கணக்கு எளிது.

ஆயினும் பழியெல்லாம் கடைக்காரர்மீது சுமத்துதல் முறையன்று. நம் இலையை நோக்குங்கள்! ஓரத்தில் உப்பு, அடுத்து ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மோர்ச்சோற்றிற்கு மீண்டும் ஒரு சிட்டிகை. வெயிலில் ஏருழுது வியர்த்த பாட்டனார்க்கு ஒருவாறு பொருந்திய வழக்கம், மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதும் பேரனுக்கு எங்ஙனம் பொருந்தும்?

உப்பை அறவே ஒழிக்க வேண்டா. அயோடின் கலந்த உப்பையே வாங்கி, அளவை மட்டும் சிறுகச் சிறுகக் குறைத்தல் வேண்டும். சில வாரங்களில் நாவும் பழகிவிடும். எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவை சுவை கூட்டும். வயது வந்தோர் யாவரும் இரத்த அழுத்தத்தை அளந்தறிதலும் கடமையாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் ஆண்டு விருந்தில் இலையோரத்து உப்பை இனி இடாதொழிவோமாக. வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் மரபு. உண்டவர் நெடுநாள் உளராகி நினைத்தற்பொருட்டு, அளவறிந்து இடுவதும் நம் மரபாகுக!