வேலியோரம் வந்த வெருகு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் நாம் பாடியவற்றையும் கேட்டவற்றையும் நினைவுகூரும் நாள் இது. நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாட்டு. குறுந்தொகையின் 139ஆம் பாட்டு. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். மாலை வேளையில் வேலிப்புறத்தே வெருகுகள் வந்துவிட, வீட்டுக் கோழி ஒளியும் இடம் தெரியாது தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. தலைவனைப் பற்றி ஊரில் எழுந்த பழிச்சொல்லுக்கு அந்தக் குரலை உவமையாக்கி, அவனை வரவேண்டாமென மறுக்கிறாள் தோழி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதை வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். வெருகு என்றால் காட்டுப்பூனை என்று பொருள் சொல்லி, அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், விளக்கேற்றும் நேரம். கொல்லையில் தாய்க்கோழி எழுப்பிய குரல் கேட்டு ஓடினேன். கிணற்றடிக்கு அப்பால், கிளுவை வேலியின் இடைவெளியில் ஒரு விலங்கு நின்றது. வீட்டுப் பூனையினும் உயர்ந்த கால்கள். கோடுகளற்ற மணல் நிற உடல். காது நுனியில் சிறு கருமயிர்க் கற்றை. கருவளையமிட்ட குட்டை வால். வாயில் ஒரு குஞ்சு. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு இருளில் மறைந்தது. எஞ்சிய ஏழு குஞ்சுகளும் சிறகுக்குள் புகுந்த பின்னும் அந்தத் தாயின் குரல் அடங்கவில்லை. உவமை என்று நான் எளிதாகச் சொல்லிவந்தது இந்த நடுக்கத்தைத்தானா என்று வெட்கப்பட்டேன்.

மறுநாள் அண்டை வீட்டார் கூடி, நஞ்சு வைத்துவிடலாம் என்றனர். கோழிகளை வளர்ப்பவள் என் மனைவி, இழப்பும் அவளுடையதே. அவள் கேட்டாள்: “ஏரிக்கரைப் புதரையெல்லாம் வெட்டி மனைக்கல் நட்டாயிற்று. அது எங்கே போகும்?”

ஒளிய இடம் அறியாத உயிர் கோழி மட்டும் அன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டுப்பூனைக்குப் பெயரில்தான் காடு. நாணலும் கரும்புத் தோட்டமும் நீர்க்கரைப் புதரும் அதன் வாழிடங்கள். எலியே அதன் முதன்மையான இரை. ஆகவே உழவனுக்கு அது துணை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைத் தடுக்கிறது. இவற்றை அண்டை வீட்டாரிடம் எடுத்துச் சொன்னேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கூறமாட்டேன். நாங்கள் கூண்டுக்குக் கம்பிவலை அடித்து, பொழுது சாயுமுன் கோழிகளை அடைக்கத் தொடங்கினோம். தை பிறந்த பின் கிணற்றடி ஈரமண்ணில் இருமுறை அதன் காலடித் தடம் கண்டேன். பிறகு காணவில்லை. வேறிடம் தேடிப் போயிற்றோ, எவர் வைத்த நஞ்சையேனும் தின்றதோ, அறியேன்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குரலைக் காதாரக் கேளாமல் மாசாத்தியார் அப்படிப் பாடியிருக்க முடியாதென்றே நம்புகிறேன். நம் ஏடுகளில் குயிலும் மயிலும் நிறைய உண்டு. அடுத்த பத்தாண்டில், நம் வேலியோரத்து உயிர்களும் தத்தம் பெயரோடு நம் பாட்டுக்குள் வரட்டும். வெருகு என்பது அகராதியில் மட்டும் எஞ்சிய சொல்லாகும் நாள் வராதிருக்கட்டும்.