சட்டம் மாறினால் அறிவிப்பு மாயுமா?

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஐதராபாத் அம்பர்பேட்டையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்களால் கடியுண்டு மாண்டான். அத்துயரம் ஆறுமுன்னரே, மார்ச்சு 10-ஆம் நாள், மத்திய அரசு 2001-ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளை அகற்றிப் புதிய விதிகளை வெளியிட்டது. அப்படியாயின், பழைய விதிகளின்படி நடந்தவை யாவும் செல்லாக் காசாகிவிட்டனவா?

ஆகவில்லை. முன்னர்ச் செய்தவற்றுக்கு ஊறு நேராதபடியே புதிய விதிகள் பழையவற்றின் இடத்தைப் பெற்றன. கருத்தடை செய்து, காது நுனி கத்தரித்துத் தெருவில் விடப்பட்ட நாயை மறுபடியும் பிடித்து அறுக்க வேண்டியதில்லை. ஊசி மட்டும் காலந்தோறும் போட வேண்டியதே. வெறிநோய் விதியைப் படிப்பதில்லை அல்லவா!

ஒரு சட்டமே நீங்கி, வேறொன்று அதன் இடத்தில் வந்தால்? மத்தியச் சட்டங்களுக்கு 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டம், 24-ஆம் பிரிவு, விடை கூறுகிறது. பழைய சட்டத்தின்கீழ்ப் பிறந்த அறிவிப்பும் உத்தரவும், புதியதோடு முரண்படாத அளவுக்கு, புதியதன்கீழ்ப் பிறந்தனவாகவே கருதப்படும். வேறு உத்தரவு வரும்வரை அவை உயிரோடிருக்கும். அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, முன்னரே நேர்ந்த குற்றத்திற்குரிய அபராதமும் பொதுவாக ஒழிவதில்லை. சட்டம் போயிற்றென்று அறிவிப்பைக் கிழித்தெறிந்தவர் பிறகு வருந்த நேரும்.

ஐதராபாத்தின் மாநகராட்சிச் சட்டமே இதற்குச் சான்று போன்றது. அது 1955-இல் பழைய ஐதராபாத் மாநிலத்தில் பிறந்தது. மறு ஆண்டே அம்மாநிலம் மறைந்தது. ஆந்திரப் பிரதேசம் வந்தது. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா வந்தது. மாநிலங்கள் மாறின, பெயர் மாறியும் சட்டம் நிலைத்தது. 2014-ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டம், 100-ஆம் பிரிவில், நடைமுறையிலிருந்த சட்டங்கள் தொடர வழிசெய்தது.

ஆனால் 'முரண்படாத அளவுக்கு' என்பதை மறத்தலாகாது. அடுக்கு வீட்டு வாயிலில், நாய்களுக்கு எங்குமே சோறிடலாகாதெனப் பலகை தொங்குவதுண்டு. அது சங்கத்தார் எழுதியது; சட்டத்தின் பிள்ளையன்று. மாறாக, 2023 விதிகளின் 20-ஆம் விதி, மாடிப்படி, வாயில், சிறுவர் விளையாடுமிடம் ஆகியவற்றுக்கு அப்பால் உணவிடும் இடம் வகுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே ஒப்படைக்கிறது.

ஆதலின் அறிவிப்பொன்று கைக்கு வந்தால், அதனை இட்டவர் யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, என்றைய தேதி என்று முதலில் நோக்குவோம். தெலுங்கெழுத்து அறியாதார் நம்மில் உண்டு. அடுத்த வீட்டாரிடம் காட்டிப் படிக்கச் சொல்வதில் தாழ்வில்லை.